ஊறுகாய்ப்புல்லும் கோணி ஊசியும்

எம். புதுப்பட்டி
24.1.2025

மகள் பொன்மணிக்கு,

அப்பா எழுதுறது. இங்கன நானும் உங்க அம்மாவும் நாலு மாடும் சுகம். கடைசியில எழுதினதுக்கு மாடு கோவிக்காது. என்கூடச் சேர்த்து எழுதினதுக்கு உங்க அம்மா மாரித்தாய்தான் கோவிப்பா.

நீ போன்ல பேசினா எனக்குக் கொசு பாடுற மாதிரி இருக்கு. இருபத்தெட்டு வருசம் வெடி டெஸ்ட் பண்ணின காது, அதைக் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்லை. அம்மா நடுவுல நின்னு நீ சொல்ற நாலு வாக்கியத்தை ஒண்ணாச் சுருக்கி, தன் பங்குக்கு ரெண்டு திட்டும் சேர்த்து என் காதுல கத்துறா. அதான் தபால் ஆபீசுக்குப் போய் இன்லண்ட் கவர் கேட்டேன். அந்தப் பொண்ணு பத்து கவரைத் தூசி தட்டிக் கொடுத்துட்டு, நான் போற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்துச்சு.

இப்ப விசயம். பொங்கல் முடிஞ்சு, ஈரோட்டுப் பால் பண்ணைப் பயிற்சிக்கு நீ கிளம்புற அன்னைக்கு, மக்காச்சோளத் தட்டையைப் பச்சையா நறுக்கிப் பன்னிரண்டு பிளாஸ்டிக் மூட்டையில திணிச்சு வாயைக் கட்டி வச்சுட்டுப் போனீல்ல, கோடைக்கு மாட்டுத்தீவனம்னு. நாலாம் நாள் பார்க்கிறேன், அம்புட்டு மூட்டையும் கல்யாண வீட்டுச் சமையல்காரர் வயிறு மாதிரி உப்பி நிக்குது. நீ பயந்திராதே. உங்க அப்பன் எட்டாங்கிளாஸ் ரெண்டு தடவை படிச்சவன், மத்தவங்களைவிட ஒரு வருசம் கூடப் படிச்சவன். வாயு எதுக்குள்ள அடைபட்டாலும் அதுக்குப் பேரு வெடி. இது ஒண்ணு எனக்கு நல்லாத் தெரியும். கோணி ஊசியை எடுத்து மூட்டைக்கு ஆறு ஓட்டை போட்டேன். புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சான்னு தெரியலை, கன்னத்தை வச்சுப் பார்த்தேன், காத்து வந்துச்சு. அன்னையிலருந்து காலையில பல் விளக்குறதும் மூட்டையைக் குத்துறதும்தான் எனக்கு வேலை. ஒன்பது மூட்டைக்கு ஆச்சு. சுவரோரத்துல இருக்க மூணு பாக்கி, அதையும் நாளை மறுநாள் கவனிச்சிருவேன்.

நம்ம பேச்சு ஞாபகம் இருக்கு தாயி. மார்ச் மூணாம் தேதி மூட்டையைப் பிரிக்கணும். மாடு தின்னுச்சுன்னா நான் பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்கிற ரூமுக்கு இனிமே போகக் கூடாது. தின்னலைன்னா போவேன், நீ வாய் திறக்கக் கூடாது. போன கோடையில தீவனம் இல்லாம ரெண்டு மாட்டை வித்த மாதிரி இந்த நாலும் போயிரும், அப்புறம் வீட்டுல உக்காந்து நான் என்ன செய்ய? மூடிக் கிடந்த கம்பெனிக்கு லைசென்ஸ் திரும்ப வந்துருச்சாம், மார்ச் ஆறு திறக்குதாம். போர்மேன் சிவபாண்டி வந்து சொல்லிட்டுப் போனார்.

இப்படிக்கு,
முனியசாமி

---

ஈரோடு
29.1.2025

அப்பாவுக்கு,

கடுதாசியை வாசிச்சதும் அம்மாவுக்கு போன் போட்டேன். ஓட்டையை எல்லாம் டேப் வச்சு ஒட்டச் சொல்லுங்கன்னேன். "சரி சரி, நீ நேரத்துக்குச் சாப்பிடு"ன்னு வச்சுட்டாக. அதனால எழுதுறேன். நின்னுக்கிட்டே வாசிக்காதீக, உக்காந்து வாசிங்க.

ஓட்டை போடக் கூடாதுப்பா.

அதுக்குள்ள மருந்து இல்லை, உசுரு இருக்கு. கண்ணுக்குத் தெரியாத சின்ன உசுரு. நாம அதைக் கொண்டுபோய்ப் போடலை, காட்டுல நிக்கையிலயே தட்டையில ஒட்டிக்கிட்டு வந்தது. அதுல ஒரு கூட்டத்துக்குக் காத்து வேணும். காத்து கிடைச்சா தட்டையைத் தின்னு சூடாக்கிப் பூஞ்சை பிடிக்க வச்சிரும். இன்னொரு கூட்டத்துக்குக் காத்து ஆகாது. அதுகள் தட்டையில இருக்க சர்க்கரையைத் தின்னுட்டுப் புளிப்பை விடும். புளிப்பு ஏற ஏற மத்தது எதுவும் உள்ள பிழைக்க முடியாது. தின்னதுகளேதான் காவலும் காக்குதுகள். ஊறுகாய் மாசக்கணக்காக் கெடாம இருக்கதும் இப்படிப் புளிப்பு காக்குறதாலதான். அதான் இதுக்கு ஊறுகாய்ப்புல்லுன்னே பேரு. முதல் வாரம் மூட்டை உப்பத்தான் செய்யும், பிறகு தானா அடங்கும். வெடிக்காது.

நீங்க என்ன செஞ்சிருக்கீக? பூட்டின வீட்டுக்கு ஆறு வாசல் வெட்டி விட்டிருக்கீக. அதுவும் தினமும்.

சுவரோரத்து மூணையும் தொடாதீக. என் மேல சத்தியம். மத்ததைத் தொட்டுப் பார்த்துச் சூடு இருக்கான்னு உடனே எழுதுங்க. எனக்கு இங்க வகுப்புல உக்காரவே முடியலை.

பொன்மணி

---

எம். புதுப்பட்டி
2.2.2025

மகள் பொன்மணிக்கு,

உன் கடுதாசி நேத்து மத்தியானம் வந்துச்சு. அது காலையில வந்திருந்தா ஊருக்குள்ள என் மானம் தப்பிச்சிருக்கும்.

காலையில வழக்கம்போல ஊசியோட போனேன். புறங்கையை மூட்டையில வச்சேன். சுட்டுச்சு. அடுப்புல இருந்து இறக்கின சட்டி ஆறி வருமே, அந்தச் சூடு. தாயி, நீ படிச்ச புஸ்தகத்துல சூட்டுக்கு என்ன அர்த்தமோ தெரியாது. எங்க ரூம்ல கலந்து வச்ச மருந்து தானாச் சூடேறுச்சுன்னா அர்த்தம் ஒண்ணுதான். வாளியைக் கூடப் பார்க்கக் கூடாது, ஓடணும். நான் ஓடினேன். ஓடுறதுக்கு முன்னாடி நாலு மாட்டையும் அவுத்து விட்டேன், உங்க அம்மா கையைப் பிடிச்சு இழுத்தேன், பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயைக் குளிக்கப் போனவளைப் பாதியில கிளப்பினேன். தெருவே ரோட்டுக்கு வந்துருச்சு. நான் கையைக் காட்டி அம்புட்டுப் பேரையும் குனிய வச்சேன். அரை மணி நேரம் எல்லாரும் நம்ம தொழுவத்தைப் பார்த்துக் குனிஞ்சே இருந்தோம். கடைசியில தொழுவத்துல இருந்து வெளிய வந்தது ஒரு கோழி.

வெள்ளைத்தாய் ஈரத்தலையோட என்கிட்ட வந்து, "அண்ணே, மாட்டுக்குத் தீவனம் வச்சீகளா, திருவிழாவுக்கு வேட்டு வச்சீகளா?"ன்னு கேட்டா. அது எனக்குக் கேட்டுருச்சு. கேக்க வேண்டியது எதுவும் கேக்க மாட்டேங்குது.

அப்புறம் உன் கடுதாசி. உக்காந்துதான் வாசிச்சேன். குத்தின ஒன்பது மூட்டையையும் பிரிச்சுப் பார்த்தேன். ஓட்டையைச் சுத்திக் கறுப்பு, அதுக்கு மேல வெள்ளை வெள்ளையா ரோமம், நாத்தம் தாங்கலை. நாலு மூட்டை அடியோட அப்படி. அஞ்சுல ஓட்டைக்குப் பக்கம் மட்டும்தான். சுவரோரத்து மூணும் பத்திரம். அது என் புத்தியால இல்லை. அது மேல உங்க அம்மா கொத்தவரங்காய் வத்தல் காயப் போட்டிருந்தா. அதை நகட்டினா அவ வெடிப்பான்னு விட்டு வச்சிருந்தேன்.

கோணி ஊசியை அம்மாகிட்ட ஒப்படைச்சுட்டேன்.

ஒண்ணு சொல்றேன், திட்டாதே. அந்த நாத்தம் அடிச்சப்ப, சரி, மாடு திங்காது, மார்ச் ஆறு நாம கம்பெனிக்குப் போயிரலாம்னு ஒரு நினைப்பு வந்துச்சு. அதுல கொஞ்சம் நிம்மதியும் இருந்துச்சு. அங்கன நான் முனியசாமி அண்ணன். என் கையில கலந்த மருந்துன்னா பச்சை பச்சையாத்தான் எரியும்னு பேரு. இங்கன சாணி அள்ளி, சாணி அள்ளி, மாடு கூட என்னை மதிக்க மாட்டேங்குது. வேணும்னு ஓட்டை போடலை தாயி. ஆனா அந்த நினைப்பு வந்ததை மறைக்கவும் மனசு வரலை.

அப்பா

---

ஈரோடு
6.2.2025

அப்பாவுக்கு,

கோழி வரைக்கும் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை.

நான் ஏழாவது படிக்கையில ஒருநாள் புருவம் கருகி வீட்டுக்கு வந்தீக. என்னாச்சுன்னு கேட்டதுக்கு அடுப்படியில தீஞ்சிருச்சுன்னு சொன்னீக. நீங்க அடுப்படிக்குள்ள போய் நான் பார்த்ததே இல்லைப்பா. அது அன்னைக்கே எனக்குத் தெரியும். பச்சை பச்சையா எரியும்னு எழுதியிருக்கீக. நான் அதை ஒரு தீபாவளிக்குக் கூடச் சந்தோசமாப் பார்த்ததில்லை.

தப்பு என் மேலயும் இருக்கு. மூட்டை கட்டின அன்னைக்கே உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லியிருக்கணும். உப்பும், பயப்படாதீகன்னு ஒரு வரி. கத்திக் கத்திச் சொல்ல அலுப்பா இருந்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்துச்சு.

இப்ப செய்ய வேண்டியது. கறுத்த நாலு மூட்டையையும் எருக்குழியில கொட்டிருங்க, மாட்டுக்கு ஒரு பிடி கூடப் போடாதீக. பூஞ்சை பிடிச்ச இடத்தை உள்ளுக்குள்ள கை அளவு தள்ளி வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தைத் திரும்ப இறுக்கி ஓட்டையை டேப் போட்டு அடைங்க. வடக்குக் காட்டுல பிந்தி விதைச்ச மக்காச்சோளம் இன்னும் பச்சையா நிக்கும். அதை வெட்டி ஒரு நாள் வாட விட்டு, விரல்கணு நீளத்துக்கு நறுக்குங்க. ஒரு பிடி அள்ளிக் கையில நெரிச்சுப் பாருங்க. தண்ணி சொட்டக் கூடாது. கையைத் திறந்ததும் உருண்டை மெல்ல விரியணும். அதுதான் பக்குவம். பிறகு மிதிக்கணும். உள்ள காத்தே இருக்கக் கூடாது. பட்டாசுக் குழாய்ல மருந்து செலுத்துறவுகளுக்கு அது நான் சொல்லித் தெரிய வேண்டாம். அங்க பயந்து பயந்து அமுக்குவீக. இங்க பயமே இல்லாம மிதிங்க.

மாடு தின்னதுக்கப்புறமும் அது வயித்துக்குள்ள இதே வேலைதான் நடக்குது. முதல் வயிறு ஒரு பெரிய மூடின பானை மாதிரி. புல்லை மாடு செரிக்கிறதே இல்லை, உள்ள இருக்க சின்ன உசுருகள்தான் நொதிக்க வைக்குதுகள். மாடு அதுகளுக்குச் சோறு போட்டு, அதுகள் கொடுக்கிறதைத் தின்னு பிழைக்குது. ஏப்பம் விடுதே, அது அந்த வாயுதான்.

பொன்மணி

---

எம். புதுப்பட்டி
20.2.2025

மகள் பொன்மணிக்கு,

நீ சொன்னது அம்புட்டும் செஞ்சாச்சு. எப்படின்னு கேளு. கம்பெனி திறக்கலை, மருந்து செலுத்துற பொம்பளைக எல்லாம் சும்மாதானே இருக்காக. வெள்ளைத்தாய் ஆறு பேரைக் கூட்டிட்டு வந்துட்டா. என்னைக் கேலி பண்ணத்தான் வந்தாக. நறுக்கின தட்டையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கலை. ஒரு வரிசை போட்டு, ஒரு மிதி, ஓரத்தை விரலால திணிச்சு, மறு வரிசை. தாயி, என்னா இறுக்கம்! மூட்டையை முட்டினா முட்டின கை வலிக்குது. முதல்ல பயந்து பயந்துதான் கால் வச்சாக. இது வெடிக்காதும்மா, ஆடுங்கன்னேன். வெள்ளைத்தாய் மூட்டைக்குள்ள நின்னு கும்மி கொட்டினா. உங்க அம்மாவும் இறங்கிட்டா. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருசத்துல அவ ஆடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆள் உயரத்துல நாலு புது மூட்டை ஆச்சு. ரெண்டாம் நாள் உப்புச்சு. நான் கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டுச் சுத்தி வந்தேன். எட்டாம் நாள் அடங்கிருச்சு. நீ சொன்னபடியே அடங்குச்சு பொன்மணி. அது உள்ள வேலை முடிச்சு உக்காந்துருச்சுன்னு நினைக்கையில எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு.

இப்ப எனக்கு எதைப் பார்த்தாலும் நொதிக்கிற மாதிரியே இருக்கு. ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வச்சா காலையில அந்தப் புளிச்ச வாடை வருதே, அது. உங்க அம்மா பாலை உறைக்குப் போட நேத்தைய மோர்ல ஒரு சொட்டு விடுறாளே, அது வெறும் மோர் இல்லை, ஆளை இறக்கி விடுறா. மாவாட்டி வச்சா மூடியைத் தூக்குதே, அதுவும் நம்ம மூட்டை உப்புன மாதிரிதான். பனையேறுறவுக பதனிக் கலயத்துல சுண்ணாம்பு தடவுறது ஏன்னு இத்தனை வருசமாத் தெரியாமலே குடிச்சிருக்கேன். சுண்ணாம்பு அந்த உசுருகளை அடக்கி வைக்குது, தடவாம விட்டா கள்ளாயிரும். இதை டீக்கடையில எடுத்துச் சொன்னேன். பதனியைப் பத்திச் சொன்னப்ப ஒருத்தனும் கேக்கலை, கள்ளைப் பத்திச் சொன்னப்ப எல்லாரும் கிட்ட வந்து உக்காந்தாக.

நேத்து நம்ம சிவப்பி படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்தா. அவ இடது பக்கத்து விலாவுல கன்னத்தை வச்சேன். காதுக்கு ஒண்ணும் எட்டலை. ஆனா உள்ள ஏதோ புரண்டு, நின்னு, மறுபடி புரளுது. கன்னத்துக்குக் கேட்டுச்சு தாயி. ஒரு கம்பெனியே ஓடுது உள்ள. லைசென்ஸும் இல்லை, லீவும் இல்லை. உங்க அம்மா வந்து, மாட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு என்ன செய்யுறீகன்னு கேட்டா. சொன்னா நம்ப மாட்டான்னு சாணிக் கூடையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன்.

மார்ச் மூணுக்கு இன்னும் பதினோரு நாள்.

அப்பா

---

ஈரோடு
1.3.2025

அப்பாவுக்கு,

அவசரமா எழுதுறேன். அம்மா போன் ரெண்டு நாளாப் போகலை, ரீசார்ஜ் முடிஞ்சிருச்சு போல. சொல்ல மறந்தே போச்சு. திறந்த உடனே மாடு அதைத் திங்காமலும் போகலாம். புது வாடை, மோந்துட்டு முகத்தைத் திருப்பிக்கும். அதுக்காகக் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீக. எப்பவும் போடுற சோளத்தட்டையில ரெண்டு கை மட்டும் கலந்து வைங்க. நாளுக்கு நாள் கூட்டுங்க. அதோட வயித்துல இருக்க உசுருகளும் புதுத் தீனிக்குப் பழகணுமில்ல. மூணு நாலு நாள் பொறுங்க. எத்தனை நாள் எவ்வளவுன்னு பின்பக்கம் வரிசையா எழுதியிருக்கேன்.

மூணாம் தேதிக்குள்ள இது வந்து சேரணும். வரலைன்னா என்ன செய்யன்னு தெரியலை. நம்ம பேச்சை நான்தான் ஆரம்பிச்சேன், அந்தத் தேதியும் நான்தான் வச்சேன். இப்ப அதை நினைச்சா எனக்கே கோவமா வருது.

பொன்மணி

---

எம். புதுப்பட்டி
4.3.2025

மகள் பொன்மணிக்கு,

நேத்து சுவரோரத்து மூட்டை ஒண்ணைப் பிரிச்சோம். வத்தல் காப்பாத்தின மூட்டை. வெள்ளைத்தாயும் அந்த ஆறு பேரும் வந்திருந்தாக. உள்ள தட்டை தேன் கலருக்கு மாறியிருந்துச்சு, இலை இலையாத் தெரியுது, ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. வாடை என்னா வாடை! புளிச்ச மோரும் பழுத்த பழமும் சேர்ந்த மாதிரி. எனக்கே ஒரு வாய் போட்டுப் பார்க்கத் தோணுச்சு, போட்டும் பார்த்தேன். அம்மாகிட்டச் சொல்லாதே.

சிவப்பி முன்னால ஒரு கூடை வச்சேன். மோந்தா. மூஞ்சியை அங்கிட்டுத் திருப்பிட்டா. மத்த மூணும் அவளைப் பார்த்து அதே மாதிரி. சாயங்காலம் வரைக்கும் தொழுவத்துலயே உக்காந்து கெஞ்சினேன். பெத்த பிள்ளையைக் கூட இப்படிக் கெஞ்சினதில்லை. ஒரு இலை எடுக்கலை.

விளக்கு வைக்கிற நேரம் சிவபாண்டி வந்தார். என்னய்யா முடிவுன்னார். பேச்சுன்னா பேச்சு. வியாழக்கிழமை காலையில வேனை அனுப்புங்கன்னு சொல்லிட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துருச்சு. எனக்கு மலரலை. அது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு தாயி. ஒரு மாசத்துக்கு முன்னாடின்னா சீட்டியடிச்சிருப்பேன்.

நீ அழாதே. உன் படிப்புல தப்பில்லை. மாட்டுக்குத்தான் படிப்பு பத்தலை.

அப்பா

---

எம். புதுப்பட்டி
6.3.2025

மகள் பொன்மணிக்கு,

உன் கடுதாசி நேத்து புதன்கிழமை காலையில வந்துச்சு. தபால்காரரைக் கட்டிப் பிடிக்கப் போனேன், அவர் ரெண்டடி பின்னால போயிட்டார்.

நீ எழுதினபடியே சோளத்தட்டையில ரெண்டு கை கலந்து வச்சேன். நேத்து பூராவும் சோளத்தட்டையை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு நம்மதை ஒதுக்கிருச்சுக. ராத்திரி படுக்கப் போகையில உங்க அம்மா காக்கி உடுப்பை எடுத்துத் தலைமாட்டுல வச்சா. அவ பேசாம இருந்தது இந்தக் காதுக்கும் கேட்டுச்சு.

இன்னைக்குக் காலையில உடுப்பை மாட்டிக்கிட்டு, சொல்லிட்டுப் போவோம்னு தொழுவத்துக்குப் போனேன். தொட்டி காலி. நக்கி வச்ச மாதிரி காலி. நம்பலை. மூட்டையில இருந்து ஒரு கூடை அள்ளி, சோளத்தட்டை ஒண்ணும் கலக்காம, மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். சிவப்பி கூடைக்குள்ள மூஞ்சியை விட்டா. எடுக்கவே இல்லை. மத்த மூணும் கயித்தை இழுத்துக்கிட்டு நிக்குதுக. நான் என்ன கத்தினேன்னு எனக்குத் தெரியாது. வெள்ளைத்தாய் அவ வீட்டுல இருந்து ஓடி வந்தா. இந்தத் தடவை யாரும் குனியலை.

வேன் வந்து நின்னிருக்கு. ஆரன் அடிச்சது எனக்குக் கேக்கலை. சிவபாண்டியே இறங்கி உள்ள வந்துட்டார். நான் காக்கி உடுப்போட, மடியில கூடையோட, மாட்டு எச்சிலோட உக்காந்திருக்கேன்.

"என்னய்யா, கிளம்பலையா?"

"மாடு தின்னுருச்சுய்யா."

"அதுக்கு?"

"அதுக்கு நான் வரலை."

அவருக்குப் புரியலை. எடுத்துச் சொல்லிப் புரிய வைக்க எனக்கும் தெரியலை. ஒரு சீசன் மட்டும் வாரும்யா, உம்ம கை மாதிரி கை இல்லைன்னார். அது பொய்யில்லை. ஒரு பிடி அள்ளி அவர் மூக்குக்கு நேரா நீட்டினேன். மோந்து பார்த்தார். அப்புறம் எங்க வீட்டுல ரெண்டு எருமை இருக்குய்யா, அதுவும் திங்குமான்னு கேட்டுட்டுப் போய் வேன்ல ஏறினார். வெள்ளைத்தாயும் ஏறிப் போனா. வேனுக்குள்ள இருந்து அந்தப் பொம்பளைக எல்லாம் எனக்குக் கையைக் காட்டினாக. அவுக போறது எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. அடுத்த போகத்துக்கு மிதிக்க ஆள் வேணும், அப்பக் கேக்கணும். இப்பக் கேட்டா அவுகளுக்குக் கூலி கொடுக்க என்கிட்ட மாடு நாலுதான் இருக்கு.

அந்த வேன் தெருமுக்குத் திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னுட்டு உள்ள வந்தேன். உன் கடுதாசியைப் பார்த்துப் பார்த்துக் கலக்கணும்னு தொட்டி மேல வச்சிருந்தேன். சிவப்பி அதையும் தின்னுட்டா. கலக்காமலே.

அதனால நாளுக்கு எத்தனை கை கூட்டணும்ங்கிறதை மறுபடி ஒருக்கா எழுதி அனுப்பு. பெரிய எழுத்தா எழுது. இந்தத் தடவை சட்டைப் பையில வச்சுக்கிறேன்.

அப்பா